பின்னாலேயே வந்த பஸ்

பூங்கனிக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில், செவ்வந்திக்குளம் கீழத்தெருவில், சொர்ணா வீட்டு வாசலில் ஒரு பஸ் நின்றது. சொர்ணாவின் சிநேகிதி பூங்கனியோடு குளத்துக்குள் விழுந்த அதே மினிபஸ். கிரேன் வைத்துத் தூக்கி, ஆலங்கரை போலீஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் வழக்குக்காக நிறுத்தி வைத்திருந்தார்களே, அதேதான். டிரைவர் கிடையாது, டீசல் கிடையாது, வெடித்த முன் டயர் நார்நாராகக் கிழிந்து கிடந்தது, பக்கக் கண்ணாடியில் ஆகாயத்தாமரை தொங்கியது, அடிவயிற்றிலிருந்து குளத்துத் தண்ணீர் சொட்டிக்கொண்டேயிருந்தது. சாணித்தண்ணி வாளியோடு வெளியே வந்த சொர்ணாவின் அம்மா லிங்கம்மாள் அதை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏட்டி சொர்ணா, எவன்ட்டி வாசல்ல பஸ்ஸக் கொண்டாந்து விட்டது? நான் எங்கன கோலம் போட?"

பஸ்ஸைச் சுற்றித் தண்ணீர் தெளித்து, அதன் மூக்குக்கு முன்னால் சின்னதாக ஒரு கோலத்தை இழுத்துவிட்டு, பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். விடிந்தால் அடைந்தால் பீடி சுற்றுகிறவளுக்கு ஆச்சரியப்பட ஏது நேரம்?

சொர்ணாவுக்குப் பதினாறு வயது. பஸ் தனக்காகத்தான் வந்திருக்கிறது என்று அவளுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள், பத்தடி விட்டுப் பின்னாலேயே வந்தது. கடைக்குப் போனாள், கடை வாசலில் நின்றது. காட்டுப்பக்கம் ஒதுங்கப் போனாள், கருவேல மறைப்புக்கு இந்தப் பக்கமே மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. அவள் நின்றால் நின்றது, ஓடினால் ஓடியது, அழுதால் என்ன செய்வதென்று தெரியாமல் வைப்பரை மட்டும் இரண்டு தரம் ஆட்டியது. அன்று காலையில் பார்த்ததோடு சரி, அப்புறம் அவள் திரும்பியே பார்க்கவில்லை. கழுத்து முன்பக்கம் மட்டுமே வேலை செய்யும் என்பதுபோல நடக்கப் பழகிக்கொண்டாள்.

போலீஸ்காரர் ஒருவர் வந்து இழுவை வண்டியில் கட்டி இழுத்துப் போனார். விடிந்தால் பஸ் வாசலில். இன்னொரு தரம் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள், விடிந்தால் சங்கிலியோடு வாசலில். மூன்றாவது தரம் இன்ஸ்பெக்டர், "சரி, அது அங்கயே கெடக்கட்டும். கோர்ட்டுல கேட்டா மட்டும் கொண்டாந்து நிப்பாட்டுங்க" என்று பஞ்சாயத்துத் தலைவர் அருணாசலக்கனியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

அரசாங்கமே கையெழுத்து வாங்கிவிட்ட பிறகு ஊருக்கு என்ன தயக்கம்? முதல் வாரம் பஸ்ஸைத் தள்ளி நின்று கும்பிட்டவர்கள், இரண்டாம் வாரம் அதன் கூரையில் மிளகாய் வற்றல் காயப்போட்டார்கள், மூன்றாம் வாரம் பீடி சுற்றும் பெண்கள் தட்டும் கத்தரியுமாக உள்ளே ஏறி நிழலுக்கு உட்கார்ந்தார்கள், நான்காம் வாரம் யார் வீட்டுக் கோழியோ கடைசி சீட்டில் அடைகாக்க ஆரம்பித்தது. சொட்டுகிற தண்ணீரை வீணாக்குவானேன் என்று லிங்கம்மாள் அதன் கீழே வாய்க்கால் வெட்டி முருங்கைக்குப் பாய்ச்சினாள். அந்த வருஷம் காய்த்த முருங்கைக்காயில் லேசாகக் குளத்து வாடை அடித்தது, ஆனால் சாம்பாருக்கு ஒன்றும் குறைச்சலில்லை.

ஐந்தாம் வாரம்தான் ஊருக்கு மூளை வேலை செய்தது. செவ்வந்திக்குளத்துக்கு இருந்ததே அந்த ஒரு மினிபஸ். அது குளத்தில் விழுந்ததிலிருந்து வேறு பஸ் விட ஆளில்லாமல், சந்தைக்குப் போகிற கத்தரிக்காயெல்லாம் தலைச்சுமையாகவே போய்க்கொண்டிருந்தது. ஒரு வியாழக்கிழமை காலை, தலைவர் அருணாசலக்கனி சொர்ணா வீட்டு வாசலில் வந்து வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இளித்தார்.

"பிள்ள, நீ சும்மாதான இருக்க? புளியங்காடு சந்த வரைக்கும் ஒரு எட்டு நடந்துட்டு வாயேன். காத்தாட இருக்கும்லா."

சொர்ணா நடந்தாள். மறுக்கத் தோன்றவில்லை, வீட்டில் இருந்தாலும் அது வாசலில்தானே நிற்கிறது! அவள் முன்னால் நடக்க, பின்னால் பஸ் வர, பஸ் நிறைய ஆளும் மூட்டையும், கூரையில் ஆட்டுக்குட்டியும், படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வெற்றிலை மெல்லுகிறவர்களுமாக, நான்கு கிலோமீட்டரை ஊர்வலம் மாதிரி கடந்து போய்ச் சேர்ந்தார்கள். "கொஞ்சம் எட்டி நட பிள்ள, தக்காளி வாடுது" என்றது ஒரு குரல். "ஏட்டி, மெதுவா போ, மேட்டுல தூக்கித் தூக்கிப் போடுது" என்றது இன்னொரு குரல். அடுத்த வாரமே ரேஷன் கடைச் சுவரில் சொர்ணா நடக்கும் நேரம் கரியால் எழுதப்பட்டது. அவளுக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் அதன் கீழே 'இன்று சொர்ணா இல்லை' என்று ஒரு சிலேட்டைத் தொங்கவிட்டார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் பொறாமையில் வெந்து, தங்கள் ஊரிலும் எந்தப் பிள்ளை பின்னாலாவது ஏதாவது வருகிறதா என்று பார்த்துக்கொண்டு திரிந்ததாகக் கேள்வி.

இதில் இரண்டு விஷயத்தை மட்டும் யாரும் பேசவில்லை. ஒன்று, சொர்ணா எந்தத் திசையில் வேண்டுமானாலும் நடப்பாள், குளத்துக்கரை வளைவுப் பக்கம் மட்டும் போகமாட்டாள். அவள் பிளஸ் ஒன் படித்த பள்ளிக்கூடம் அந்த வளைவைத் தாண்டி ஆலங்கரையில் இருந்தது. ஐப்பசியிலிருந்து அவள் பள்ளிக்கூடமே போகவில்லை. இரண்டாவது, பஸ் எப்போது கிளம்பினாலும் பூங்கனியின் அம்மா செல்லக்கிளி ஏறிவிடுவாள். சந்தையில் வாங்கவும் விற்கவும் அவளுக்கு ஒன்றும் இல்லை. வலது பக்கம் மூன்றாவது ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, வரும்போதும் போகும்போதும் வெளியே பார்த்துக்கொண்டு வருவாள். பூங்கனி உட்கார்ந்திருந்த சீட்டு அது.

திரும்பிப் பார்க்காமலே சொர்ணாவுக்கு அது தெரியும். செல்லக்கிளி அத்தையின் வறட்டு இருமலை, அத்தனை சத்தத்துக்கு நடுவிலும், அவள் முதுகு கேட்டுக்கொண்டே நடந்தது. அந்த இருமல் கேட்கும்போதெல்லாம் காதுக்குள் டயர் வெடிக்கும். ராத்திரியில் தூக்கமில்லை. சோற்றில் கை வைத்தால் சோறு ஈரமாக இருப்பதே அவளுக்குப் பயமாக இருந்தது.

தை பிறந்ததும், ஊர்த் துணை சுகாதார நிலையத்துக்குச் செவ்வாய்க்கிழமைதோறும் பிரமிளா என்று ஒரு கவுன்சலர் வர ஆரம்பித்தாள். மாவட்ட ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். முப்பது வயதிருக்கும், ஓட்டை ஸ்கூட்டர், எப்போதும் அரைமணி தாமதம். கிராம நர்ஸ் சொல்லி லிங்கம்மாள் மகளைக் கூட்டிப்போனாள். பின்னாலேயே பஸ்ஸும் வந்து, ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. பிரமிளா எட்டிப் பார்த்தாள்.

"இது எத்தனை நாளா வருது?" என்று, சளி எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்கிற குரலில் கேட்டாள்.

"கார்த்திக மாசத்துலேருந்து மேடம்" என்றாள் லிங்கம்மாள். "மாத்திர எதும் குடுப்பியளா? சும்மா பேசினா போயிருமா இந்தச் சவம்?"

"தேவைப்பட்டா மாத்திரைக்கு டாக்டர் இருக்காரும்மா. மொதல்ல நாங்க ரெண்டு பேரும் கொஞ்சம் பேசிப் பாக்கறோம். நீங்க வெளிய இருங்க."

பேய் ஓட்ட ஆள் வந்திருக்கிறது என்று ஊர் வேடிக்கை பார்க்கக் கூடியது. எலுமிச்சம்பழம் அறுக்கவில்லை, வேப்பிலை அடிக்கவில்லை, உள்ளேயிருந்து ஒரு அலறல்கூட வரவில்லை. ஏமாந்து கலைந்துபோனார்கள்.

உள்ளே நடந்தது சின்னச் சின்ன வேலை. காலை இரண்டும் தரையில் நன்றாக ஊன்று என்பாள் பிரமிளா. நாலு எண்ணி மூச்சை இழு, ஆறு எண்ணி விடு. காதுக்குள் டயர் வெடிக்கும்போது இந்த அறையில் கண்ணுக்குத் தெரிகிற ஐந்து பொருளைச் சொல்லு. "எடை மிஷினு, பல்லி, தடுப்பூசி போஸ்டர், ஒங்க டிபன் பாக்ஸு, ஒங்க தலையில ஒட்டியிருக்க எல" என்று சொர்ணா சொல்ல, பிரமிளா அவசரமாகத் தலையைத் தட்டிக்கொள்ள, ஐப்பசிக்குப் பிறகு முதன்முதலாக சொர்ணாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் பயந்துபோய் அழுதாள். இரண்டும் இருக்கலாம், ஒன்றும் குற்றமில்லை என்றாள் பிரமிளா.

அடுத்து ஒரு தாளில் ஏணி வரைந்தார்கள். கீழ்ப்படியில் பஸ்ஸைக் கைக்கண்ணாடியில் பார்ப்பது, அதற்கு மேல் திரும்பிப் பார்ப்பது, முகப்பு விளக்கைத் தொடுவது, உச்சிப்படியில் உள்ளே ஏறுவது. ஒரு படிக்கு இரண்டு வாரம் ஆனது, ஒரு படிக்கு ஐந்து வாரம் ஆனது, ஒருமுறை ஏறின படியிலிருந்து சறுக்கிக் கீழே வந்து மறுபடி கண்ணாடியிலிருந்தே தொடங்கினாள். திரும்பிப் பார்க்கிற படியையும் காலி பஸ்ஸில்தான் ஏறினாள். ஆள் ஏறிவிட்டால், மூன்றாவது ஜன்னலில் அந்த முகம் இருக்குமென்பதால், பழையபடி கழுத்து முன்னால் பார்த்துக்கொண்டது. இதற்கு நடுவில் வாரம் ஒருமுறை அந்த நாளை முதலிலிருந்து சொல்ல வேண்டும். பஸ் ஸ்டாப்பில் நின்றது வரைக்கும் வரும், பஸ் வந்தது வரைக்கும் வரும், கூட்டம் முண்டியடித்தது வரைக்கும் வரும், அங்கே நின்றுவிடும்.

"இன்னிக்கு இது போதும்" என்பாள் பிரமிளா, தோண்டாமல், விரட்டாமல்.

பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை அது நிற்காமல் வந்துவிட்டது. செவ்வந்திக்குளத்தில் பஸ்ஸுக்கு முண்டியடித்து ஏறி சீட் பிடிப்பது கத்துக்குட்டிகள் வேலை. தெரிந்தவர்கள் பஸ் நிற்பதற்கு முன்னாலேயே ஜன்னல் வழியாகப் பையையோ துண்டையோ உள்ளே எறிந்துவிடுவார்கள். பை விழுந்த சீட் பை வைத்தவருக்கு. அதில் வழக்கு வம்பு கிடையாது, எட்டூர் ரௌடியும் அதை மதிப்பான். ஊரிலேயே குறி தவறாமல் எறிகிறவள் சொர்ணா. எட்டாம் வகுப்பிலிருந்து தினமும் அவள்தான் தன் பையை எறிந்து பூங்கனிக்கு சீட் போடுவாள். பூங்கனி இரண்டு பையையும் மடியில் வைத்துக்கொண்டு ராணியாட்டம் வருவாள், சொர்ணா படிக்கட்டில் காற்று வாங்கிக்கொண்டு வருவாள். அன்றைக்கும் எறிந்தாள். வலது பக்கம் மூன்றாவது ஜன்னல். வளைவில் டயர் வெடித்தது, பஸ் வலது பக்கமாகக் குளத்தில் சாய்ந்தது, எல்லோருக்கும் கை கால் முறிந்ததோடு போயிற்று, மூன்றாவது ஜன்னல் மட்டும் சேற்றுக்குள் புதைந்தது. படிக்கட்டில் நின்ற சொர்ணா கரையில் புல் மேல் போய் விழுந்தாள். ஒரு கீறல் இல்லை.

"நான் போட்ட சீட்டு மேடம் அது" என்றாள் சொர்ணா. "யாருக்கும் தெரியாது."

பிரமிளா பேனாவை மூடி வைத்தாள். அவளுக்கும் கண் கலங்கிப்போனது. "தப்பு உன்னோடது இல்லன்னு நான் இப்ப சொன்னா நீ நம்பப் போறதில்ல. அதை விடு. இதை யார்கிட்ட சொல்லணும்னு உனக்குத் தோணுது?"

சொர்ணா ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள். வெளியே பஸ் நின்றது. மூன்றாவது ஜன்னலில் யாரோ இருமினார்கள்.

அன்று சாயங்காலம் பஸ்ஸிலிருந்து தண்ணீர் சொட்டுவது நின்றுபோனது. மறுநாள் சொர்ணா கடைக்குக் கிளம்பியபோது பஸ் உடனே கிளம்பாமல், தூங்கி எழுந்த ஆள் மாதிரி, கொஞ்சம் கழித்துத்தான் வந்தது. அவ்வளவுதான், ஊர் கதிகலங்கிப்போனது. "பிள்ளைக்கு குணமாவுதாம்ல!" என்ற செய்தி சாவுச் செய்தி மாதிரி பரவியது. தலைவர் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் கூட்டம் போட்டார்.

"பிள்ள குணமாவணும், அதுல ரெண்டு பேச்சு கெடையாது" என்று ஆரம்பித்தார். "ஆனா இப்பிடி மடமடன்னு குணமாவணுமான்னுதான் கேக்கேன். கோயில்ல சித்திரக் கொட வருது. சாமிக்கு மேளம் வரணும், வாழக்கொல வரணும், சம்பந்தக்காரன் வரணும். கொட முடிஞ்ச பொறவு தாராளமா குணமாவட்டுமே, யாரு வேண்டாங்கா?"

நியாயம்தானே என்று எல்லோரும் தலையாட்டினார்கள். மேற்படி சொர்ணாவை நிதானமாகவும் படிப்படியாகவும் குணப்படுத்திக் கொடுக்குமாறு ஒரு மனு எழுதி, ஊரே கைநாட்டு வைத்தது. அப்போது கூட்டத்தின் ஓரத்திலிருந்து செல்லக்கிளி எழுந்தாள்.

"நடந்து நடந்து பிள்ளைக்கு காலு வீங்கிக் கெடக்கு" என்றாள். "இந்த ஊர்ல ஒருத்தருக்காவது அது கண்ணுல பட்டுச்சா?"

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கூட்டம் தரையைப் பார்த்தது. ஆபீஸை ஒட்டிய தன் வீட்டுக்குள்ளிருந்து இதைக் கேட்ட சொர்ணாவுக்கு, அத்தை வைது தீர்த்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. மனுவை வாங்கிப் படித்த பிரமிளா, சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "நிதானமாத்தாங்க பண்றேன். இதுக்கு மேல நிதானம்னா நானே தூங்கிடுவேன்" என்றாள்.

கொடையும் ஒரு செவ்வாய்க்கிழமைதான் வந்தது. புளியங்காட்டிலிருந்து மேளக்காரர்களைக் கூட்டிவர வேண்டும். பட்டுப்புடவையும் கனகாம்பரமுமாக ஊரே பஸ்ஸில் ஏறி, சொர்ணா எப்போது நடக்கத் தொடங்குவாள் என்று காத்திருந்தது. சொர்ணா சுகாதார நிலையத்திலிருந்து வெளியே வந்தாள். வாசற்படியில் பிரமிளா நின்றாள். சொர்ணா நாலு எண்ணி மூச்சை இழுத்தாள், ஆறு எண்ணி விட்டாள், பிறகு நடப்பதற்குப் பதிலாகத் திரும்பினாள். அத்தனை ஆள் நிறைந்த பஸ்ஸை நேருக்கு நேர் பார்த்தாள். பத்தடி நடந்து, முகப்பு விளக்கைத் தொட்டு, படியில் கால் வைத்து, ஏறிவிட்டாள்.

பஸ்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆறு மாதமாக அது தெரிந்து வைத்திருந்தது ஒரே ஒரு வேலை, சொர்ணாவின் பின்னால் போவது. இப்போது சொர்ணா வயிற்றுக்குள் இருக்கிறாள், யார் பின்னால் போக? முன்னால் ஒரு அடி வைத்துப் பார்த்தது, பின்னால் ஒரு அடி வைத்துப் பார்த்தது, பிறகு வாலைத் துரத்துகிற நாய்போல நின்ற இடத்திலேயே சுற்றத் தொடங்கியது. சுற்றியது சுற்றியது, கோயில் போனது ரேஷன் கடை வந்தது, ரேஷன் கடை போனது கோயில் வந்தது, கோழி கொக்கரித்துப் பறந்தது, வாழைப்பழம் பறந்தது, தலைவர் துண்டு பறந்தது, அவர் போய்ப் பூசாரி மடியில் உட்கார்ந்தார், பூசாரி "யம்மா தாயே" என்று அலறினார், பின்சீட்டுப் பெண்கள் முதலில் கத்தி, பிறகு சிரித்து, பிறகு எதற்கென்றே தெரியாமல் குலவையிட்டார்கள், சின்னப்பிள்ளைகள் "இன்னும் இன்னும்" என்று கூவினார்கள். கம்பியைப் பிடித்திருந்த சொர்ணாவின் கை நழுவியது. அவள் போய் விழுந்த இடம் வலது பக்கம் மூன்றாவது சீட், செல்லக்கிளியின் பக்கம்.

இத்தனை இரைச்சலில் மெதுவாகச் சொல்லவும் வழியில்லை. சொர்ணா தொண்டை கிழியக் கத்தினாள்.

"அத்தே! இந்த சீட்டு நான் போட்டது! என் பைய எறிஞ்சி நாந்தான் பூங்கனிக்குப் போட்டேன்!"

"தெரியும்ட்டி!" என்று செல்லக்கிளியும் கத்தினாள்.

"என்னது?"

"தெரியும்னேன்! எட்டாங் கிளாஸ்லேருந்து நீதான போட்ட! நாலு வருசம் அவ ஒரு நாளு நின்னுட்டுப் போனான்னு உண்டா? எங்க வீட்டுல மத்தது எதுல அவளுக்கு சொகம் இருந்துச்சு? பஸ்ஸுலதான்ட்டி எம் மவ உக்காந்து போனா!"

பஸ் இன்னொரு சுற்று சுற்றியது.

"எனக்கு ஒம்மேல கோவம் உண்டு!" என்று கத்தினாள் செல்லக்கிளி. இப்போது அழுதுகொண்டிருந்தாள். "சீட்டுப் போட்டதுக்கு இல்ல! ஆறு மாசமா ஒன் முதுகையே பாத்துட்டு வாரேன், ஒரு தடவ திரும்பிப் பாத்தியா நீ? எனக்கு அவளப் பத்திப் பேச வேற யாரு இருக்கா?"

சொர்ணா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். சுற்றின சுற்றில் பதிலுக்குப் பதில் வாந்திதான் வந்தது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அவள் கக்க, செல்லக்கிளி ஒரு கையால் அவள் சடையைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் நெற்றியைத் தாங்கிக்கொண்டாள். பிள்ளை பெற்றவள் பிடிக்கிற பிடி. சொர்ணா கக்கினாள், அழுதாள், கக்கினாள், நடுவில் சிரித்தாள். அந்தக் கை நெற்றியில் இருக்கும்போதே பஸ் சுற்றுவது நின்றது.

"எங்கட்டி போவணும்?" என்றாள் செல்லக்கிளி.

"குளத்துக்கரை வழியா" என்றாள் சொர்ணா. வாயைத் துடைத்துக்கொண்டு, பிறர் காதிலும் விழும்படி இன்னொரு தரம் சொன்னாள்.

பஸ் கிளம்பியது. நடையல்ல, ஓட்டம். கிழிந்த டயரோடு அது பறந்தது, ஆறு மாதமாக நத்தை வேகத்தில் போய்ப் பழகின ஊர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று ஆர்ப்பரித்தது. வளைவு வந்தது. சொர்ணா காலை இரண்டும் ஊன்றி, வெளியே தெரிந்ததை எண்ணிச் சொன்னாள். எருமை, கொக்கு, துவைக்கிற கல், ஆகாயத்தாமரை, தண்ணீர். ஒவ்வொன்றுக்கும் செல்லக்கிளி "ஆமா" என்றாள். அவள் கையைச் சொர்ணாவின் கை நசுக்கிப் பிடித்திருந்தது. வளைவு முடிந்துபோனது.

ஆலங்கரைக்குள் நுழைந்த பஸ், போலீஸ் ஸ்டேஷனைச் சுற்றிப் பின்பக்கம் போய், வேப்பமரத்தடியில் தன் பழைய இடத்தில் நின்றுகொண்டது. அதோடு சரி. எல்லோரையும் இறக்கிவிட்டுத் தள்ளிப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள், பூசாரி திருநீறு பூசிப் பார்த்தார், சொர்ணாவைப் பத்தடி முன்னால் நடக்கச் சொல்லியும் பார்த்தார்கள். அது வெறும் பஸ்ஸாகிவிட்டிருந்தது. போலீஸ்காரர் வந்து நோட்டில் வரவு எழுதிக்கொண்டார்.

இதனால் சொர்ணாவுக்கு எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். செவ்வாய்க்கிழமைகளில் இன்னும் எட்டு மாதம் பிரமிளாவிடம் போனாள். ஆனியில் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, முதல் வாரத்தில் இரண்டு நாள் பாதி வழியில் திரும்பி வந்தாள். ஆனால் அது பிறகு. அன்றைக்கு, ஊர் முழுக்கப் பட்டுப்புடவையில் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றது, வெயில் கொளுத்தியது, வீடு ஏழு கிலோமீட்டர் தள்ளி இருந்தது.

"மேளம் அங்க புளியங்காட்டுல காத்துக் கெடக்கு, சாமி அங்க ஊர்ல காத்துக் கெடக்கு, நாம இங்க நிக்கோம்" என்று தலைவர் தலையில் கை வைத்தார். "இனி எப்பிடி பிள்ள போவ?"

பழக்க தோஷம், எல்லோரும் சொர்ணாவைப் பார்த்தார்கள். அவள் முன்னால் நடப்பாள் என்று வழிகூட விட்டார்கள். சொர்ணா செருப்பைக் கழற்றி, வீங்கின காலை நீவிவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"நடங்க எல்லாரும்" என்றாள். "நானும் அத்தையும் பின்னால வாரோம். எங்களுக்குப் பேச வேண்டியது கெடக்கு."

தலைவர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். ஊர் அவர் பின்னால் நடந்தது. குளத்துக்கரை வளைவு வரைக்கும் அவர்களுக்குப் பின்னால் இரண்டு பேர் பேசுவதும், இடையிடையே ஒருத்தி வெடித்துச் சிரிப்பதும் கேட்டுக்கொண்டே வந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.